பேச்சிலே கட்டிய மாடி

ஊரையே இடிக்கிறவனுக்குத் தன் வீட்டில் ஓர் ஆணி அடிக்க நேரம் இருக்காது. தையல்காரம்மா தன் கல்யாண வாழ்க்கையிலிருந்து பிழிந்தெடுத்த பழமொழி இது. தெருவில் யார் வீட்டுக் கணவன் எதைச் செய்யாமல் விட்டாலும் இதைத்தான் சொல்வாள்.

அவள் கணவருக்குக் கட்டடம் இடிக்கிற தொழில். ஊரில் எல்லோரும் அவரைக் கடப்பாரை என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கும் அதில் வருத்தம் கிடையாது. லாரியின் முன்கண்ணாடிக்கு மேலே அந்தப் பெயரையே பெரிதாக எழுதி வைத்திருந்தார். பழைய தியேட்டர், பழைய சந்தை, பெண்கள் பள்ளிக்கூடம், கோர்ட்டின் பாதி என்று அவர் கை படாத தெரு இல்லை. வெளியூர்க்காரர்கள் வழி கேட்டால் "நேரா போய், தியேட்டர் இருந்த இடத்துல திரும்பி, பள்ளிக்கூடம் இருந்த இடத்துக்கு எதிர்ல" என்பார். இல்லாத கட்டடங்களை நம்பிப் போனவர்கள் எத்தனையோ பேர் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கலாம்.

அவர்கள் இருந்த வீடு தையல்காரம்மாவின் அப்பா கட்டியது. ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்த மனுஷர், ரயில் மோதினாலும் நிற்கிற மாதிரிச் சுவர் எழுப்பியிருந்தார். கூடம், ஓர் அறை, சமையலறை, மேலே மொட்டை மாடி, அதற்கு ஏற ஓர் இரும்பு ஏணி. கடப்பாரை அங்கே வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவர். வந்த அன்றைக்கே சுவரை முஷ்டியால் தட்டிப் பார்த்து, "இதை இடிச்சு இறக்க ரெண்டு நாள் ஆகும்" என்றாராம். மாமனார் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

அவளுடைய தையல் மெஷின் கூடத்து ஜன்னலோரம் இருந்தது. அவள் புதுத் துணி தைத்ததைவிட, பழசைப் பிரித்துத் தைத்ததுதான் அதிகம். தெருப் பிள்ளைகள் வளர வளர பள்ளிச் சீருடைகளின் விளிம்பை இறக்குவது, அக்குளில் ஒட்டு வைப்பது, அப்பாவின் பேண்ட்டைப் பையனுக்குச் சுருக்குவது. கிழிசல் என்று வந்ததைக் கிழிசல் என்றே தெரியாமல் திருப்பிக் கொடுப்பாள். வேலைக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் வந்தது வெளிச்சத்துக்கு.

அதற்குக் காரணமும் வீட்டுக்குள்ளேயே இருந்தது. தெற்குப் பக்கத்து மனையில் ஒரு குட்டி ஓட்டு வீடு இருந்தது. அதை இடிக்கும் வேலை கடப்பாரைக்கு வந்தது. சந்தோஷமாக இடித்தார். அந்த இடத்தில் நாலு மாடி அடுக்ககம் எழும்பியது. அன்றோடு கூடத்து ஜன்னலில் சூரியன் எட்டிப் பார்ப்பது நின்றுபோனது. பட்டப்பகலில் ட்யூப்லைட் போட்டுக்கொண்டு, ஊசியின் காதைக் கண்ணால் தேடாமல் விரலால் தடவித் தேட ஆரம்பித்தாள். கண் எரிந்தது. கறுப்புத் துணி வந்தால் திருப்பி அனுப்பினாள்.

அப்போதிருந்து அவள் கேட்டது ஒன்றுதான். மேலே ஓர் அறை, கிழக்கே ஒரு ஜன்னல், மெஷின் போட இடம்.

கடப்பாரைக்கு அது கௌரவக் குறைச்சலாக இருந்தது. பழசுமேல் புதுசை வைப்பதா? முழுசாக இடித்து, தரைமட்டமாக்கி, பளிங்கு மாதிரி ஒரு வீடு கட்டித் தருவதாகச் சொன்னார். எப்போது என்று கேட்டால், கையில் இருக்கிற வேலை முடியட்டும் என்பார். ஊரில் இடிக்க ஒரு சுவர் மிச்சம் இருக்கும்வரை அவர் கையில் வேலை முடியாது.

"எங்கப்பா கட்டின செவரு கல்லாட்டம் நிக்குது. நல்லா இருக்கற சட்டை குட்டையாயிடுச்சுன்னா கிழிச்சா போடறோம்? பிரிச்சு, ஒட்டு வச்சு, நீளமாக்கித்தானே போடறோம்" என்பாள்.

"வீடும் சட்டையும் ஒண்ணா" என்று சிரித்துக்கொண்டே லாரி ஏறிவிடுவார். இந்த உரையாடல் அந்த வீட்டில் துணி காயப்போடுகிற மாதிரி வாராவாரம் நடந்தது.

இப்படி இருக்கையில் நகராட்சிக்கு ஞானோதயம் வந்தது. ஊரில் பாதியை இடித்து முடித்த பிறகு, இனி எதையும் இடிக்கக்கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். கடப்பாரையை முழுங்கிவிட்டுச் சுக்குக் கஷாயம் குடித்த கதைதான். பசுமைக் கட்டடக் குழு என்று ஒன்று அமைத்தார்கள். அந்தக் குழு கூடுவதற்குப் புத்தம் புதிதாகக் கண்ணாடியிலேயே ஒரு கட்டடம் கட்டினார்கள். அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் வெயில் தாங்காமல் நாள் முழுக்க ஏசி ஓடும். அங்கே உட்கார்ந்துதான் புகையைக் குறைப்பது எப்படி என்று பேசினார்கள்.

கடப்பாரை தொழிலாளிகளைத் திரட்டிக்கொண்டு நியாயம் கேட்கப் போனார். போகும்போது இருந்த வேகம் வரும்போது இல்லை. குழுவின் தலைவியம்மா அவருக்கு நிதானமாக விளக்கியிருக்கிறார். சூளையில் செங்கல் சுட்டபோதே, சிமென்ட் அரைத்தபோதே, கம்பி உருக்கியபோதே அதற்கான புகையெல்லாம் வானத்துக்குப் போயாகிவிட்டது. இடித்தால் அத்தனையும் வீண். புதுசாகக் கட்டினால் அதே அளவு புகையை இன்னொரு தடவை விட வேண்டும். அதனால் இருப்பதைச் சரிசெய்து, பத்தாததைச் சேர்த்துக் கட்டுவதுதான் புத்திசாலித்தனம். இதைக் கேட்டுக் கடப்பாரை மெய்மறந்துபோய்விட்டார்.

நூலைக் கத்தரித்துக்கொண்டிருந்த தையல்காரம்மா நிமிர்ந்து பார்த்தாள். "இதைத்தானே இத்தனை வருஷமா நான் சொல்லிட்டு இருக்கேன்?"

"நீ சொன்னது வேற. அவங்க கணக்குப் போட்டுச் சொல்றாங்க" என்றார் கடப்பாரை.

அவள் குனிந்து மறுபடி ஊசியை எடுத்தாள். அன்றைக்குத் தைத்த சட்டையில் மட்டும் பொத்தான்கள் எல்லாம் வழக்கத்தைவிட இறுக்கமாக இருந்தன.

குழு ஒரு கண்காட்சி நடத்தியது. பழைய வீட்டைக் காப்பது எப்படி என்று காட்ட ஒரு பழைய வீடு தேவைப்பட்டது. ஊரில் நல்லதாக ஒன்றும் மிச்சமில்லாததால், ஒட்டுப்பலகையும் பிளாஸ்டரும் வைத்துப் பழைய வீடு ஒன்றைப் புதிதாகச் செய்தார்கள். சுவரில் விரிசல் வரைய ஓர் ஓவியர் வந்தார். கண்காட்சி முடிந்ததும் அதை இடித்து அள்ளும் வேலையைக் கடப்பாரைக்கே கொடுத்தார்கள். புதிய கொள்கையின் கீழ் அவருக்குக் கிடைத்த முதல் வேலை அது.

நிறைவு விழாவில் தலைவியம்மாவுக்கு ஒரு யோசனை தோன்றியது. இடிப்பதையே தொழிலாகக் கொண்டவர் மனம் மாறி நாலு வார்த்தை பேசினால் எப்படி இருக்கும்? கடப்பாரையை மேடைக்குக் கூப்பிட்டார். தையல்காரம்மா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

எட்டாவது மாடி விளிம்பில் நின்று பீடி பிடிக்கிற ஆள் மைக்கை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார். நல்லா இருக்கற சட்டை குட்டையாயிடுச்சுன்னா கிழிச்சா போடறோம் என்றார். பிரித்து, ஒட்டு வைத்து, நீளமாக்கித்தானே போடுகிறோம் என்றார். கூட்டம் கை தட்டியது. அடுத்தது என்ன, அதற்கடுத்தது என்ன என்று தையல்காரம்மாவுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. சாம்பார் முதல் ரசம் வரை எல்லாம் அவள் சமைத்தது, பரிமாறுவது மட்டும் அவர்.

கைதட்டல் பொல்லாத சரக்கு. ஒரு மடக்கு உள்ளே போனால் இன்னொன்று கேட்கும். கடப்பாரை மார்பை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்: "மத்தவங்களுக்குச் சொல்றதுக்கு முன்னாடி நான் செஞ்சு காட்டிட்டேன். என் வீட்டை இடிக்கல. பழைய செவரு மேலேயே என் சம்சாரத்துக்கு ஒரு ரூம் கட்டிக் கொடுத்திருக்கேன். கிழக்கே ஜன்னல் வச்சு."

மண்டபம் அதிர்ந்தது. தையல்காரம்மாவும் கை தட்டினாள், பக்கத்தில் எல்லோரும் தட்டினார்களே என்று. தட்டி முடித்த பிறகுதான் காதில் விழுந்தது மூளைக்கு எட்டியது. மேடையில் தலைவியம்மா மைக்கை வாங்கி, அடுத்த மாதப் பிறப்பன்று குழு முழுவதும் வந்து அந்த அறையைப் பார்க்கும், அங்கேயே இவருக்குப் பதக்கம் அணிவிக்கப்படும் என்று அறிவித்துவிட்டார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கடப்பாரை நாலடி முன்னால் நடந்தார். வாசலுக்கு வந்ததும், வாய் தவறி வந்துவிட்டது என்று முனகினார். தவறி வந்தாலும் நல்ல வார்த்தைதான் வந்திருக்கிறது, கட்டிவிடுங்கள் என்றாள் அவள். இத்தனை வருஷம் உண்மையைச் சொல்லிக் கேட்டுக் கிடைக்காதது ஒரு பொய்யால் கிடைக்கப் போகிறதென்றால் அவளுக்கு அந்தப் பொய்யின் மேல் கோபம் ஏன் வரவேண்டும்? மனசு குளிர்ந்துபோயிருந்தது. அடுத்த தெருக் கொத்தனாரைக் கூப்பிடலாம் என்றும் சொன்னாள். அவருடைய மூன்று பெண்களின் சீருடைக்கும் அவள்தான் விளிம்பு இறக்குகிறாள்.

கடப்பாரைக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "என் வீட்டுல இன்னொருத்தன் வந்து கொத்துக்கரண்டி பிடிக்கறதா? என் ஆளுங்க என்னத்துக்கு இருக்காங்க?"

"உங்க ஆளுங்க இதுவரைக்கும் எதையாவது கட்டியிருக்காங்களா?"

"இடிக்கத் தெரிஞ்சவனுக்குக் கட்டத் தெரியாதா? எல்லாம் அதே வேலைதான். திருப்பிச் செய்யணும், அவ்வளவுதான்."

மறுநாள் காலை தையல்காரம்மா நூல் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனாள். திரும்பி வந்தபோது தெருவில் ஒரு சிறு கூட்டம். அவள் வீட்டுக் கதவுகளும் ஜன்னல்களும் உயரவாரியாகச் சுவரில் சாத்தி வைக்கப்பட்டிருந்தன. ஒருவர் சமையலறை ஜன்னலைத் தூக்கிப் பார்த்து விலை பேசிக்கொண்டிருந்தார். வீட்டுக்குள் தண்ணீர் இல்லை, கரண்ட் இல்லை. ஆட்களில் மூத்தவனான உளி, வியர்வையைத் துடைத்துக்கொண்டே, "முதல் கட்ட வேலை முடிஞ்சது அண்ணி" என்றான்.

அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் கரண்ட்டையும் தண்ணீரையும் துண்டித்து, கதவு ஜன்னலைக் கழற்றி வெளியே வைப்பதுதான் அவர்கள் தொழிலின் பிள்ளையார் சுழி. கட்டப் போகிறோம் என்பது தலைக்குத் தெரிந்திருந்தது, கைக்குத் தெரியவில்லை. அவள் போட்ட போட்டில் எல்லாவற்றையும் திரும்ப மாட்டினார்கள். கழற்றுவதில் மன்னர்கள், மாட்டியது அவர்கள் வாழ்க்கையில் அன்றுதான். குளியலறைக் கதவு வாசலுக்கு வந்தது. வாசல் கதவு எந்த இடத்திலும் பொருந்தாமல் ஒரு வாரம் கூடத்தில் விருந்தாளி மாதிரி சாய்ந்து நின்றது.

அடுத்து எங்கே தொடங்குவது என்று மாநாடு நடந்தது. உளி தர்க்கம் பேசினான். கட்டடத்தை இறக்கும்போது கடைசியில் உடைப்பது எது? படி. ஏனென்றால் நாம் இறங்கிவர அது வேண்டும். அப்படியானால் ஏற்றும்போது முதலில் வரவேண்டியது எது? படிதானே. எல்லோரும் தலையாட்டினார்கள். கடப்பாரைக்கு அவன் அறிவை நினைத்துக் கண் கலங்கியது.

ஆக, வீட்டுக்கு வெளிப்புறமாக மொட்டை மாடிக்குப் படி கட்ட ஆரம்பித்தார்கள். முதல் தடவை படி சாய்ந்தது, இடித்தார்கள். இரண்டாவது தடவை படிகள் மேலே போகப் போகக் குட்டையாகி, கடைசிப் படி ஒரு செங்கல் உயரத்தில் முடிந்தது. அதையும் இடித்தார்கள். இடிக்கிற நாட்களில் மட்டும் எல்லோர் முகத்திலும் கல்யாணக் களை. மறுபடி கரண்டியைக் கையில் கொடுத்தால் இழவு வீடு. மூன்றாவதாகக் கட்டிய படி உண்மையிலேயே அழகாக வந்தது. வளைவில் கைப்பிடிச் சுவர், ஓரங்கள் வழவழவென்று. அதை முடித்துவிட்டு அவர்கள் நிமிர்ந்து பார்த்தபோது மாதம் முடிந்திருந்தது. குழு வர ஒரு நாள் பாக்கி. மேலே வானம்தான் இருந்தது.

கடப்பாரை படுக்கையில் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார். காய்ச்சல் என்று சொல்லியனுப்பச் சொன்னார். தொட்டுப் பார்த்தாள், உடம்பு ஜில்லென்று இருந்தது.

கோபத்தோடு வெளியே வந்தவள் அந்தப் படியில் ஏறினாள். இரும்பு ஏணியில் அவள் தனியாக ஏறியதே இல்லை. அப்பா போன பிறகு மொட்டை மாடியை அவள் பார்க்கவுமில்லை. மேலே காலை வெயில் கொட்டிக் கிடந்தது. புடவையில் குத்தியிருந்த ஊசியை எடுத்து, ஒரு நூலைக் கோத்துப் பார்த்தாள். முதல் முயற்சியிலேயே நுழைந்தது. அவளுக்கு அழுகை வந்தது. இவ்வளவு வெளிச்சம் தன் தலைக்கு மேலேயே இருந்திருக்கிறது, ஒரு மனுஷனின் வறட்டுப் பிடிவாதத்துக்காகக் கண்ணைத் தொலைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்திருந்தோமே என்று நெஞ்சு எரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு உளியைக் கூப்பிட்டாள்.

மறுநாள் குழு வந்தது. தலைவியம்மா, நாலைந்து அதிகாரிகள், ஒரு போட்டோக்காரர், வாசலில் கட்ட ஒரு பிளாஸ்டிக் பேனர். கடப்பாரை இஸ்திரி போட்ட சட்டையில் பேயறைந்த மாதிரி நின்றார். அறை மேலே என்று ஆரம்பித்து, வேலை கொஞ்சம் என்று இழுத்தார். அந்த நேரம் பார்த்து மேலிருந்து கடகடவென்று சத்தம் கேட்டது. கடப்பாரை அனிச்சையாகத் தலையைக் கையால் மூடிக்கொண்டு ஓரமாக ஒதுங்கினார். தலைவியம்மா படியேறிப் போனார். மற்றவர்கள் பின்னால் போனார்கள்.

மொட்டை மாடியின் நட்ட நடுவில் தையல் மெஷின். முக்காலியில் தையல்காரம்மா. நாற்காலியில் கட்டிய குடை ஒன்று அவள் தலைக்கு மேல். ஒரு சீருடைக்கு விளிம்பு இறக்கிக்கொண்டிருந்தாள்.

"அறை எங்கேம்மா?" என்றார் தலைவியம்மா.

"இதுதாங்க. அவரு பேச்சுலயே கட்டி முடிச்சுட்டாரு. செவரும் கூரையும்தான் பாக்கி."

யாரோ இருமினார்கள். போட்டோக்காரர் படம் எடுக்கலாமா வேண்டாமா என்று எல்லோர் முகத்தையும் பார்த்தார்.

"ஆனா அன்னைக்கு மேடையில அவர் அவ்வளவு உருக்கமா..."

"அந்தச் சட்டைக் கதையா? அது நான் வாராவாரம் அவர்கிட்ட சொல்றது. ரூம் கட்டிக் கொடுத்தேன்னாரு பாருங்க, அது மட்டும்தான் அவர் சொந்தமா சொன்னது."

படியின் உச்சியில் நின்ற கடப்பாரைக்கு, ஜன்னல் கதவெல்லாம் கழற்றி வைத்த வீடாகத் தான் ஆகிவிட்ட மாதிரி இருந்தது. மறைத்துக்கொள்ள ஒன்றும் மிச்சமில்லை. தலைவியம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார். பதக்கப் பெட்டியைத் திரும்பக் கைப்பையில் வைத்தார். பிறகு, குழு என்றால் குழுதானே, தன் உதவியாளரிடம் அறிக்கையில் பணி நடைபெற்று வருகிறது என்று எழுதச் சொன்னார். சுவரும் கூரையும் வந்த பிறகு சொல்லியனுப்புங்கள், பதக்கம் எங்கும் ஓடிவிடாது என்று கடப்பாரையிடம் சொல்லிவிட்டு இறங்கினார். பேனரை அவிழ்க்க மறந்துவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் கடப்பாரை தன் காலாலேயே நடந்து அடுத்த தெருக் கொத்தனார் வீட்டுக்குப் போனார். என்ன பேசினார் என்று தெரியாது. கொத்தனார் காலையில் வந்து படியைப் பார்த்துவிட்டு, இது யார் கை வேலை என்று கேட்டதும் உளி சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு முன்னால் வந்தான். மாமனாரின் சுவர் மேல் அறை எழுந்தது. செங்கல்லும் மரமும், இடித்த சாமான்களைக் கடப்பாரை குவித்து வைத்திருந்த கிடங்கிலிருந்தே வந்தன. கிழக்கு ஜன்னலுக்கு அவரே தேடி எடுத்து வந்தது, பக்கத்து மனையில் அவர் இடித்த ஓட்டு வீட்டின் ஜன்னல். அதைக் கொண்டுவந்து வைக்கும்போது அவளைப் பார்க்காமல் வைத்தார். அவள் முந்தானையால் அதன் தூசியைத் துடைத்தாள்.

பதக்கமும் வந்தது. நல்ல கனம். துணி வெட்டும்போது காற்றில் பறக்காமல் இருக்க அவள் அதைத்தான் மேலே வைத்துக்கொண்டாள். பசுமைக் குழு அதற்குள் மரம் நடுவதற்கு மாறிவிட்டது. கடப்பாரைக்கு இன்னமும் அங்கங்கே பேச அழைப்பு வந்தது. போனார். சட்டைக் கதையை "என் சம்சாரம் சொல்லுவா" என்று ஆரம்பித்தார். அந்த மூன்று வார்த்தைக்கு மட்டும் குரல் கொஞ்சம் இறங்கும், அவ்வளவுதான்.

புது அறையில் மெஷினைப் போட்ட முதல் நாள் மத்தியானம். சாப்பிட்டதும் கூடத்தில் சாய்ந்து குறட்டை விடுவது அவர் வழக்கம். குறட்டைச் சத்தமே இல்லையே என்று அவள் பாதிப் படி இறங்கி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கடப்பாரை நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். தலையில் வேலைக்குப் போடுகிற மஞ்சள் ஹெல்மெட். கண் கூரையில்.

அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம், தான் எழுந்து வந்ததால் மெஷின் நின்றிருக்கிறது, அப்படியும் அந்தக் கண் இறங்கவில்லை என்பதைப் பார்த்தாள். தலைக்கு மேலே சத்தம் கேட்டால் ஏதோ விழப் போகிறது என்று அர்த்தம். இத்தனை வருஷத்தில் அந்த மனுஷனுக்கு வேறு எதுவும் நடந்ததில்லை. மேலே ஆள் நடமாடும் ஒரு கூரைக்கு அடியில் நிம்மதியாக உட்கார அவர் எங்கேயும் கற்றுக்கொள்ளவில்லை. இவ்வளவு நாள் இது தெரியாமல் போயிற்றே என்று அவளுக்குப் பாவமாக இருந்தது.

"ஹெல்மெட்டைக் கழட்டுங்க. விழாது" என்றாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"இதை இடிக்கக்கூடிய ஒரே ஆள் நீங்கதான். நீங்கதான் கீழ உட்கார்ந்திருக்கீங்களே."

அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். கீழே வைக்கவில்லை, மடியில் வைத்துக்கொண்டார். அவள் மேலே போய் மெஷினை மிதிக்க ஆரம்பித்தாள்.